எங்கிருந்து அளப்பது?

1908-ல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் விற்பனைக்கு வந்தபோது, அதன் இன்ஜினின் மேல்மூடி தனியாகக் கழன்று வந்தது. போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால் பிஸ்டனின் தலையும் வால்வுகளும் கண்ணெதிரே தெரியும். படிந்த கரியைச் சுரண்டலாம், வால்வைத் தேய்த்து உட்காரவைக்கலாம். அதற்கு முன் பெரும்பாலான இன்ஜின்களில் சிலிண்டரும் மூடியும் ஒரே வார்ப்பு. வால்வை எடுக்க வேண்டுமென்றால் அதன் தலைக்கு மேலிருக்கும் திருகு அடைப்பைத் திறந்து, அந்தத் துளை வழியாகத்தான் வேலை பார்க்க வேண்டும். வண்டியை வாங்கிய விவசாயி தன் கொட்டகையிலேயே இன்ஜினைப் பிரித்துப் பார்க்க முடிந்ததில் இந்தக் கழலும் மூடிக்குப் பெரிய பங்குண்டு. நம் பட்டறைகளில் ‘ஹெட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிலிண்டர் ஹெட் அதுதான்.

ஒன்றாக இருந்ததை இரண்டாக்கியதும் நடுவில் ஓர் இணைப்பு வந்து சேர்ந்தது. இணைப்பு வந்தால் கசிவும் பின்னாலேயே வரும். அதனால் எல்லா இன்ஜினியர்களும் இந்த ஏற்பாட்டுக்கு உடனே மாறிவிடவில்லை. 1924-ல் வந்த புகாட்டி டைப் 35 பந்தயக் காரில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. இண்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பல பத்தாண்டுகள் ஆண்ட ஆஃபன்ஹவுசர் இன்ஜினிலும் அப்படியே. 1960-களின் இறுதியில் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனம், இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட்டின் தொல்லையே வேண்டாமென்று 500 வரிசை டீசல் இன்ஜினை ஒரே வார்ப்பாகச் செய்தது. கேஸ்கெட் தொல்லை ஒழிந்தது. ஆனால் வால்வைத் தொட வேண்டுமென்றால் கிராங்க்‌ஷாஃப்டை இறக்கி, பிஸ்டன்களைக் கீழ்வழியாக உருவ வேண்டியிருந்தது. பேருந்துப் பணிமனைகளில் அது நல்ல பெயர் எடுக்கவில்லை.

கழலும் ஹெட்தான் கடைசியில் வென்றது. கழற்ற முடிகிற பொருளாக இருப்பதால்தான் அதைச் செப்பனிடும் தொழிலும் பிறந்தது. அந்தத் தொழிலுக்குள் இருக்கும் இயற்பியல் நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். வெப்ப விரிவு, உலோகச் சோர்வு, மைக்ரான் அளவுகள், உராய்வு எல்லாம் ஒரே மேசையின் மேல் கிடக்கும் இடம் அது.

முதலில் அந்த இணைப்பு எதைத் தாங்குகிறது என்று பார்ப்போம். 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர செ.மீ. இன்றைய டீசல் இன்ஜினில் எரிதலின் உச்ச அழுத்தம் 150 பார் என்பது சாதாரணம். பெருக்கினால், ஒவ்வொரு எரிதலின்போதும் ஹெட்டை மேலே தூக்கும் விசை சுமார் 12 டன். வீட்டுக் குக்கரின் ரப்பர் கேஸ்கெட் ஒரு பார் அழுத்தத்தைத்தான் பிடித்து நிறுத்துகிறது. இங்கே அதைப்போல் 150 மடங்கு, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கும் மேல். அந்த வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சில மில்லிமீட்டர் உலோகச் சுவருக்கு மறுபுறம் ஓடும் கூலண்டோ 90 டிகிரி. பக்கத்துத் துளைகளில் எண்ணெய் ஓடுகிறது. நெருப்பு, நீர், எண்ணெய் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே வார்ப்புக்குள் போய்வர வேண்டும்.

பல ஆண்டுகள் ஓடிய ஹெட்டைப் புதிதாக்குவது என்றால், தேய்ந்ததை மாற்றி வளைந்ததைச் சீவிவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சீவுவது இதில் எளிய பாதி. ஹெட்டில் உள்ள ஒவ்வொரு அளவும் வேறொரு பரப்பிலிருந்து எடுக்கப்படுகிறது: வால்வு உட்காரும் சீட்டை, அதன் தண்டு ஓடும் கைடிலிருந்து அளக்கிறோம், எரியறையின் ஆழத்தை அடிப்பரப்பிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் உயரத்தை அதே அடிப்பரப்பிலிருந்து. வெப்பமும் தேய்மானமும் இந்த ஆதாரப் பரப்புகளையே நகர்த்திவிடுகின்றன. பழைய ஹெட்டில் எதை நம்பி அளப்பது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர்.

அலுமினியத்திலிருந்து தொடங்கலாம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11 மைக்ரான் நீளும். அலுமினியம் 23 மைக்ரான். 45 செ.மீ. நீளமுள்ள ஓர் அலுமினிய ஹெட்டை இரும்பு பிளாக்கின் மேல் இறுக்கி, 20 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். ஹெட் 0.93 மி.மீ. நீள விரும்பும், பிளாக் 0.45 மி.மீ.தான் நீளும். இடையிலுள்ள அரை மில்லிமீட்டரை ஹெட், கேஸ்கெட்டின் மேல் மைக்ரான் மைக்ரானாக நழுவியும், மீதியை மீள்தன்மையால் தாங்கியும் சமாளிக்கிறது. தினமும் வண்டி சூடாகும்போதும் ஆறும்போதும் இது நடக்கிறது. வடிவமைப்பாளர் இதை எதிர்பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்.

அவர் எதிர்பார்க்காதது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுக்கக் கொட்டிய பிறகும் ஓட்டுநர் அடுத்த ஊர் வரை ஓட்டிக்கொண்டு போவதை. ஹெட்டின் நடுப்பகுதி முனைகளைவிட மிக அதிகம் சூடாகிறது. நீள இடமில்லை, போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அலுமினியம் 200 டிகிரியைத் தாண்டும்போது வலுவிழக்கத் தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் நடுப்பகுதி மீள்தன்மையின் எல்லையைக் கடந்து, தன்மீதே நசுங்கி, மேல்நோக்கி வில்லாக வளைகிறது. ஆறிய பிறகு அந்த வளைவு போவதில்லை. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து அடிப்பரப்பின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே பல இன்ஜின்களுக்கு எல்லை மீறல். கடுமையாகச் சூடான ஹெட்டில் 0.3 தகடுகூடத் தாராளமாக நுழையும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்றும் உண்டு. ஏ356 போன்ற வார்ப்பு அலுமினியக் கலவைக்கு அதன் வலு வெப்பப் பதப்படுத்தலால் வருகிறது. சுமார் 540 டிகிரியில் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பின் 155–170 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து, உலோகத்துக்குள் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து, படிக அடுக்குகள் வழுக்காமல் தடுக்கின்றன. இன்ஜின் அளவுமீறிச் சூடானால் இந்தப் பதம் முறிகிறது: துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, எண்ணிக்கையில் குறைந்து, தடுக்கும் சக்தியை இழக்கின்றன. பதத்தோடு இருக்கும்போது பிரினெல் கடினத்தன்மை 70–80 அளவில் இருக்கும் வார்ப்பு, மென்மையாகிவிட்டால் போல்ட் தலைக்கடியிலேயே அமுங்கும். நல்ல பட்டறையில் சீவுவதற்கு முன் கடினத்தன்மையைச் சோதிப்பார்கள். மென்மையான ஹெட்டை எவ்வளவு சமமாகச் சீவினாலும் அது மறுபடி வளையும். அந்தக் கூலி வீண்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் இப்படிப்பட்ட ஹெட்டுகள் கிடைக்கும். எந்த ஹெட் எந்த விபத்திலிருந்து வந்தது, எது தண்ணீரில்லாமல் ஓடியது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒரு மெக்கானிக் அப்படி வாங்கிய ஓர் ஓவர்ஹெட் கேம் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுவந்த காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அண்ணே, ஃபேசிங் மட்டும் அடிச்சுக் குடுங்க. சாயங்காலம் வண்டி குடுக்கணும்.”

“கேம்ஷாஃப்டைப் போட்டுச் சுத்திப் பாத்தியா தம்பி?”

“கீழதான வளைஞ்சிருக்கு?”

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. கேம்ஷாஃப்டை எண்ணெய் தடவி அதன் இருக்கைகளில் வைத்தார். தொப்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இரண்டாவது தொப்பி வரை ஷாஃப்ட் விரலால் சுழன்றது. நடுத்தொப்பியை இறுக்கியதும் இறுகியது. ஸ்பேனர் போட்டால்தான் திரும்பும். தொப்பியைக் கழற்றியபோது தாங்கு பரப்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மெக்கானிக் அதைத் தடவிப் பார்த்தான். ஹெட் வளையும்போது அடிப்பரப்பு மட்டும் தனியாக வளைவதில்லை. மேலே கேம்ஷாஃப்ட் ஓடும் ஐந்து துளைகளும் அதே வில்லில் ஏறிவிடுகின்றன. அடிப்பரப்பைச் சீவினால் கீழே சமமாகும்; மேலே கேம் பாதை வளைந்தே இருக்கும். கேம்ஷாஃப்டோ நேரானது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிரும். தாங்கு பரப்பு அரைபடும், இல்லையென்றால் ஒருநாள் ஷாஃப்டே முறியும்.

இன்னொரு கேடும் உண்டு. நடு உயர்ந்து முனைகள் தாழ்ந்த ஹெட்டை அப்படியே சீவினால் முனைகளில்தான் உலோகம் அதிகம் போகும். முதல் சிலிண்டரும் கடைசிச் சிலிண்டரும் எரியறைக் கொள்ளளவை இழக்கும். நடுச் சிலிண்டர்கள் பழையபடியே இருக்கும். ஒரே இன்ஜினுக்குள் வெவ்வேறு அழுத்த விகிதங்கள்.

ஆகவே வளைந்த ஹெட்டை முதலில் நிமிர்த்த வேண்டும். தடித்த எஃகுத் தகட்டின் மேல் ஹெட்டை வைத்து, இரு முனைகளுக்கும் அடியில் மெல்லிய தகடுகளைச் செருகி, நடுவிலுள்ள போல்ட்டுகளை இறுக்கி, வில்லை எதிர்த்திசையில் சற்றே இழுப்பார்கள். பிறகு 230–260 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுவார்கள். அந்த வெப்பத்தில் உள்ளே தங்கியிருக்கும் விசைகள் தளர்ந்து, உலோகம் புதிய வடிவத்தை ஏற்கிறது. வளைத்த வெப்பமே நிமிர்த்தவும் செய்கிறது என்பது பார்க்க அழகானது. ஆனால் இந்த அடுப்பு வெப்பம் முன்பு சொன்ன பதப்படுத்தல் வெப்பத்தைவிட அதிகம். நிமிர்த்திய பிறகு கடினத்தன்மையை மறுபடி அளக்காமல் வேலையைத் தொடர்வது சரியில்லை. ஒருமுறை நிமிர்த்தியது மறுபடி வளைந்து வந்தால் அதைக் காய்லாங்கடைக்கு அனுப்பிவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

நிமிர்த்துவதற்கும் முன்னால் கழுவ வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டைக் கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் மூழ்கவைப்பது பழைய வழக்கம். கரி, கிரீஸ், பெயின்ட் எல்லாம் கழன்று போகும். அதே தொட்டியில் அலுமினிய ஹெட்டைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கும், ஹெட்டே கரையத் தொடங்கும். அலுமினியத்துக்கு மென்மையான சோப்புக் கரைசலும் மீயொலித் தொட்டியும்தான்.

சுத்தமான பிறகுதான் விரிசல் தேட முடியும். இதில் மிகப் பழைய முறை ரயில்வே பணிமனைகளில் இருந்தது: பாகத்தை எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே சுண்ணப்பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள். ஸ்பிரிட் ஆவியாகி வெள்ளைப் படலம் நிற்கும். விரிசலுக்குள் நுழைந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையின் மேல் கறுத்த கோடாகத் தெரியும். நுண்துளையேற்றம் என்று பள்ளியில் படித்ததன் நேரடிப் பயன் இது. 1940-களின் தொடக்கத்தில் எண்ணெய்க்குப் பதிலாக ஒளிரும் சாயம் வந்தது. இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் விரிசல் பச்சையாக மின்னும்.

இரும்புக்கு அதைவிட நல்ல வழி உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஹோக் என்பவர், காந்தப் பிடிப்பானில் வைத்து அரைத்த எஃகுத் துண்டுகளின் மேல் அரைத்தூள் கோடுகோடாக ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். அந்தக் கோடுகளுக்கு அடியில் விரிசல் இருந்தது. காந்தப்புலக் கோடுகள் விரிசலைத் தாண்ட முடியாமல் பரப்புக்கு வெளியே கசிகின்றன, அந்த இடத்தில் இரும்புத்தூள் குவிகிறது. 1920-களில் அவர் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த முறையை, டி ஃபாரஸ்ட், டோன் என்ற இருவர் 1930-களில் மேக்னஃப்ளக்ஸ் என்ற நிறுவனமாக்கினார்கள். இன்றும் வெளிநாட்டுப் பட்டறைகளில் அந்த நிறுவனப் பெயரே சோதனையின் பெயர். அலுமினியத்தில் காந்தம் வேலை செய்யாது என்பதால் அங்கே சாயம், அல்லது அழுத்தச் சோதனை: கூலண்ட் வழிகளையெல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றேற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்குவார்கள். வெந்நீர் ஏன் என்றால், ஆறிய ஹெட்டில் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும்.

விரிசல் பெரும்பாலும் ஒரே இடத்தில் வருகிறது. உள்ளிழுக்கும் வால்வுக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் நடுவே உள்ள குறுகிய பாலம் அது. ஒருபுறம் புதுக்காற்று, மறுபுறம் எரிந்த வாயு. சூடாகும்போது பாலத்தின் தோல் நசுங்குகிறது, ஆறும்போது அதே தோல் இழுபடுகிறது. பல்லாயிரம் முறை இது நடந்தபின் கிழிகிறது. ஆனால் எல்லா விரிசலும் மரணம் இல்லை. ஃபோக்ஸ்வேகனின் சில டீசல் இன்ஜின்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில், சீட்டுகளுக்கு நடுவே 0.5 மி.மீ. அகலம் வரையிலான விரிசலோடு ஹெட்டை மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். கிழிந்த பின் அங்கே இழுவிசை தளர்ந்துவிடுகிறது. விரிசல் கூலண்ட் வழியை எட்டாதவரை அது பரவாமல் நின்றுவிடலாம். வேறு இடத்தில் வந்த விரிசலை, இரும்பாக இருந்தால் திருகு ஆணிகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிசையாக இறக்கித் தைக்கலாம். வெல்டிங் செய்வதென்றால் முழு ஹெட்டையும் உலையில் செந்தணலாகச் சூடேற்றிச் செய்வது நல்லது. அலுமினியத்தில் டிக் வெல்டிங். 660 டிகிரியில் உருகும் அலுமினியத்தின் மேல் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும் ஆக்சைடுத் தோல் போர்த்தியிருக்கிறது. மாறுதிசை மின்னோட்டம் அந்தத் தோலை உடைத்துக்கொண்டே போகும்.

இனி வால்வு. ஹெட் வேலையின் இதயம் இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வெளியேற்றும் வால்வின் தலை ஓட்டத்தில் 700 டிகிரியைத் தொடும். அது உருகாமல் பிழைப்பது சீட்டின் மேல் உட்காரும் நேரத்தால். நான்கு ஸ்ட்ரோக் சுழற்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் வால்வு மூடியிருக்கிறது. அப்போதுதான் அதன் வெப்பத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு சீட் வழியாக ஹெட்டுக்குள் இறங்குகிறது. மீதி, தண்டு வழியாக கைடுக்குப் போகிறது. இந்த வெப்பமெல்லாம் கடந்து போகும் பாதையின் அகலம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் இன்ஜினில் வால்வு நொடிக்கு 25 முறை அந்த வளையத்தில் வந்து உட்கார வேண்டும், ஒவ்வொரு முறையும் நடுவில். ஒரு பக்கம் இம்மியளவு தூக்கி நின்றால் அந்த இடுக்கு வழியே எரியும் வாயு பீறிட்டு, வால்வின் விளிம்பில் பள்ளம் தோண்டிவிடும். ‘வால்வு எரிந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

வால்வு நடுவில் உட்கார்வது கைடின் கையில் இருக்கிறது. புதிய கைடுக்கும் தண்டுக்கும் இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ. வரை. வால்வை அழுத்தும் ராக்கர் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, கைடின் இரு வாய்களும் நீள்வட்டமாகத் தேய்கின்றன. இப்போது சீட் கட்டிங் செய்யும் கருவியைப் பாருங்கள்: அதன் நடுக்கம்பி கைடுக்குள் இறங்கி நிற்கிறது, கத்தி அந்தக் கம்பியைச் சுற்றிச் சுழல்கிறது. கைடு தேய்ந்திருந்தால் கம்பி சாயும். கம்பி சாய்ந்தால் சீட் சாய்ந்து வெட்டப்படும். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமாக இருந்தாலும் பொய்யான அச்சைச் சுற்றி மிகத் துல்லியமான வட்டத்தை வெட்டித்தரும். அதனால் கைடு முதலில், சீட் பிறகு. கைடை மாற்றாமல் சீட்டை மட்டும் வெட்டித்தரச் சொல்லும் வாடிக்கையாளரை நல்ல பட்டறைக்காரர் திருப்பி அனுப்புவதைக் கண்டிருக்கிறேன். அவர் மேல் மதிப்பு கூடியது.

சீட்டில் மூன்று கோணங்கள் வெட்டப்படுகின்றன. வால்வு உட்காரும் பட்டை 45 டிகிரி. அதற்கு மேலே 30 டிகிரி, கீழே தொண்டைப்பக்கம் 60 டிகிரி. மேலும் கீழும் வெட்டுவது பட்டையின் அகலத்தையும் இடத்தையும் தீர்மானிக்கவும், காற்று கூர்முனையில் முட்டாமல் வளைந்து போகவும். பல பட்டறைகளில் வால்வையும் சீட்டையும் ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை. சீட்டை 46 என்று வைத்து வால்வை 45-ல் அரைப்பார்கள். முதலில் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் இரண்டும் தொடும். விசை அந்தக் கோட்டில் குவிந்து, ஓடத் தொடங்கியதுமே நன்றாக அடைத்துக்கொள்ளும்.

சரிபார்ப்பது நீலச்சாயத்தால். வால்வின் முகத்தில் நீலப் பசையை மெல்லியதாகத் தடவி, கைடில் இறக்கி, சீட்டின் மேல் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள், சுழற்றாமல். சீட்டில் நீலம் முறியாத வளையமாகப் பதிய வேண்டும். ஓரிடத்தில் நீலம் விட்டுப்போயிருந்தால் அங்கே கசிவு. சுழற்றிவிட்டால் இடைவெளியின் மேலும் சாயம் இழுபட்டு, முழு வளையம்போல் ஏமாற்றும். வெட்டிய சீட்டின் மேல் டயல் கேஜைச் சுற்றினால் முள்ளின் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பேஸ்ட் தடவி லேப்பிங் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் பலமாக இருக்கிறது. லேப்பிங் நல்ல பொருத்தத்தை மெருகேற்றும். அச்சு விலகிய சீட்டை அதனால் திருத்த முடியாது.

சீட்டை வெட்ட வெட்ட வால்வு ஹெட்டுக்குள் அமிழ்கிறது. தண்டின் நுனி மறுபக்கம் அதே அளவு உயர்கிறது. வால்வு மேலேறிய அளவுக்கு ஸ்பிரிங் நீண்டு, அதன் விசை குறைகிறது. அதற்கு ஸ்பிரிங்கின் அடியில் ஷிம் என்னும் மெல்லிய வளையத்தகடு வைக்க வேண்டும், தண்டின் நுனியை அரைக்க வேண்டும். அமிழ்வு எல்லை மீறினால் பழைய சீட்டைக் குடைந்தெடுத்துப் புதிய வளையம் இறக்க வேண்டும். 35 மி.மீ. வளையம் என்றால், அது உட்காரும் குழியைவிட 0.1 மி.மீ. பெரிதாகச் செய்வார்கள். அலுமினிய ஹெட்டை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் குழி 0.08 மி.மீ. விரியும். வளையத்தைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது சுமார் 0.06 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்ந்து 0.1-ஐத் தாண்டுவதால் வளையம் அடிக்காமலே குழிக்குள் இறங்குகிறது. சில நொடிகளில் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். அதன்பிறகு அதைக் குடைந்துதான் எடுக்க முடியும்.

இந்தச் சீட் வளையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் ஈயத்தைக் கலந்தால் பெட்ரோல் இன்ஜினின் ‘நாக்கிங்’ அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். ஈயம் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எரிந்தபின் சீட்டின் மேல் படிந்த ஈயச் சேர்மப் படலம், சூடான வால்வும் வார்ப்பிரும்புச் சீட்டும் நேரடியாகத் தொடாமல் காத்தது. படலம் இல்லாவிட்டால் இரண்டு உலோகங்களும் நுண்புள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும், வால்வு எழும்பும்போது பிய்ந்து வரும். பிய்ந்த துகள்கள் ஆக்சைடாகி, அரம்போல் சீட்டை ராவும். வால்வு நாளுக்குநாள் ஹெட்டுக்குள் புதையும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சை எரிபொருளிலிருந்து நீக்கியது சரியான முடிவு. அதில் தயக்கமே வேண்டியதில்லை. இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல்தான். ஆனால் சீட் வளையம் இல்லாமல், ஹெட்டின் இரும்பிலேயே சீட் வெட்டிய பழைய இன்ஜின்கள் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டனின் பி.எம்.சி. பி-வரிசை அதில் ஒன்று. நம் அம்பாஸடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். இப்படிப்பட்ட ஹெட்டுகளில் கடினச் சீட் வளையம் இறக்குவது உலகமெங்கும் ஒரு தனி வேலையாகவே வளர்ந்தது. சி.என்.ஜி. வாயுவில் ஓடும் வண்டிகளிலும் சீட் தேய்மானம் கவலைக்குரியது. வாயு எரிபொருள் சீட்டின் மேல் எந்தப் படலத்தையும் விட்டுவைப்பதில்லை.

கடைசியில் ஃபேசிங், அதாவது அடிப்பரப்பைச் சீவுவது. எல்லாரும் முதலில் கேட்பது கடைசியில்தான் நடக்க வேண்டும். எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவு குறைவாக. விட்டமும் ஸ்ட்ரோக்கும் 80 மி.மீ. உள்ள சிலிண்டரின் கொள்ளளவு 402 கன செ.மீ.; அழுத்த விகிதம் 9 என்றால் எரியறை 50 கன செ.மீ. எரியறையின் வாய் சிலிண்டர் வாயளவே இருப்பதாகக் கொண்டு அரை மில்லிமீட்டர் சீவினால், இரண்டரை கன செ.மீ. போய்விடும். விகிதம் 9.4 ஆகும், நாக்கிங் வர அது போதும். கேம்ஷாஃப்டும் அரை மில்லிமீட்டர் கீழிறங்கி கிராங்கை நெருங்குகிறது. கேம் சக்கரத்தின் ஆரம் 50 மி.மீ. என்றால், செயின் தளர்ந்து கேம் அரை டிகிரிக்கு மேல் பின்தங்கும். கிராங்கின் கணக்கில் அது ஒரு டிகிரிக்கு மேல். டீசலில் எரியறை பெரும்பாலும் பிஸ்டனுக்குள்ளேயே இருப்பதால் விகிதம் அதிகம் மாறாது. ஆனால் வால்வுத் தலைகள் அடிப்பரப்பை நெருங்கி பிஸ்டனில் முட்டப் பார்க்கும். இன்ஜெக்டர் நுனி அளவுக்கு மேல் நீட்டும். சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தடை போட்டிருப்பது இதனால்தான்.

சமமாக இருந்தால் போதாது, எவ்வளவு வழவழப்பு என்பதும் முக்கியம். பழைய கலவைக் கேஸ்கெட்டுக்குச் சற்றுக் கரடான பரப்பு வேண்டும். அப்போதுதான் அது கடித்துப் பிடிக்கும். இன்றைய பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்கு நேர்மாறாக, சராசரிக் கரடு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருந்தால் நல்லது. அலுமினியம் தினமும் அதன்மேல் நழுவுகிறது என்று பார்த்தோம். கத்தித் தடங்கள் ஆழமாக இருந்தால் அவை கேஸ்கெட்டின் மெல்லிய ரப்பர்ப் பூச்சை ராவிவிடும். இரும்புக்குப் போரான் நைட்ரைடு முனையும் அலுமினியத்துக்கு வைர முனையும் வைத்து, மிக மெதுவான நகர்வில் ஒரே ஓட்டமாக வெட்டுவது இதற்காகத்தான்.

ஹெட்டை மறுபடி பூட்டும்போது செய்யும் தவறுகளில் மிக மோசமானது, பிளாக்கின் போல்ட் துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்க போல்ட்டை இறக்குவது. திரவம் நசுங்காது, திருகு இறங்க இறங்க அழுத்தம் ஏறி பிளாக்கையே பிளந்துவிடும். டார்க் ஸ்பேனர் காட்டும் எண்ணையும் முழுதாக நம்பக் கூடாது. நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகச் செலவாகிறது. ஒரு பங்குதான் ஹெட்டைப் பிடிக்கும் விசையாகிறது. மரையில் துருவிருந்தால் எண் சரியாகக் காட்டும், பிடிப்பு பாதிதான் இருக்கும். அதனால்தான் இப்போது குறைந்த முறுக்கு வரை இறுக்கி, பின் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணத்தால் இறுக்கச் சொல்கிறார்கள். போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதைக் கோணம் நேரடியாகச் சொல்லிவிடும். அப்படி நீண்டு தன் மீள் எல்லையைத் தொட்ட போல்ட்டை அடுத்த முறை பயன்படுத்துவதில்லை. இறுக்கும் வரிசை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி.

செயினோ பெல்ட்டோ மாட்டிய பிறகு, ஸ்டார்ட்டரைத் தொடும் முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றி, எல்லா வால்வுகளும் ஒருதடவை திறந்து மூடும். சீவிய ஹெட்டில் எந்த வால்வாவது பிஸ்டனைத் தொட்டால், அது ஸ்பேனர் பிடித்த கையில் தட்டும்.